எக்ஸ்பிரஸ் மெதுவாகப் படித்த நாள்

நகர மன்றத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலைவரிலிருந்து மாடிப்படி துடைக்கும் அம்மா வரைக்கும் எல்லாருக்கும் அவர் எக்ஸ்பிரஸ்தான். கூட்டத்தில் பொருள் பட்டியலைப் படிப்பது அவர் வேலை. அறுபது பொருள் இருக்கட்டும், எழுபது இருக்கட்டும், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், தலையைத் தூக்காமல் கடகடவென்று படித்து முடித்துவிடுவார். அவர் படிப்பது யாருக்கும் புரியாது. புரியவில்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதும் கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்குள் கூட்டத்தை முடித்துத் தருகிற மனிதனிடம் யார்தான் குறை கண்டுபிடிப்பார்கள்?

அந்த வேகம் பேருந்து நிலையத்தில் வந்தது. இருபது வயதில் அங்கே ஆள் சேர்த்துவிடும் வேலை பார்த்தார். பதினாறு ஊர்ப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், நடுவில் மூச்சு விட்டால் பக்கத்து வண்டிக்காரன் ஆளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். பிறகு மன்றத்தில் நாற்காலி அடுக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. ஒரு நாள், படிக்கிற எழுத்தருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "யாராவது படிங்கப்பா, நேரம் ஆகுது" என்று தலைவர் எரிச்சல்பட, கையில் இரண்டு நாற்காலியோடு நின்றவர் அவற்றை இறக்கி வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். பதினோரு வருடம் ஓடிவிட்டது. இன்னமும் படிக்கிறார். நாற்காலியும் அடுக்குகிறார். பதிவேட்டில் மட்டும் இன்றைக்கும் 'நாற்காலி அடுக்குபவர், தற்காலிகம்' என்றே இருக்கிறது.

வீடு ஆற்றுக்கு அக்கரையில். நாற்பது பேர் உட்காரக்கூடிய மன்றத்தின் இரும்புப் படகு ஒன்று காலை ஐந்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரைக்கும் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்துகொண்டிருக்கும். சீட்டு கிடையாது, காசு கிடையாது. படகை விட்டால் பாலம்தான், ஒன்பது கிலோமீட்டர் சுற்று. அவர் மனைவி இக்கரை மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் பள்ளி இக்கரையில். படகை ஓட்டுகிறவன் மனைவியின் தம்பி. அந்தக் குடும்பத்தின் நாள் படகில் தொடங்கிப் படகில்தான் முடியும் என்றால் மிகையில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குச் செயலாளர் அவரை உள்ளே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கான பட்டியலைக் கொடுத்து, "ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்க. நாப்பத்தி மூணாவது பொருள மட்டும் நிதானமா பாரு" என்றார்.

பார்த்தார். தற்காலிகப் பணியாளர் ஒருவரை நிரந்தரம் செய்வது. கீழே அவர் பெயர். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. தட்டச்சில் தன் பெயரை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஐயா..." என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுது தொலைக்காதய்யா, தாள் நனைஞ்சிடும். உனக்கு எப்ப நாப்பத்தஞ்சு?"

"அடுத்த மாசம் பன்னெண்டுங்க."

"அதான். நாப்பத்தஞ்சு தாண்டிட்டா தலைகீழா நின்னாலும் நிரந்தரம் பண்ண முடியாது. அடுத்த கூட்டம் ரெண்டு மாசம் கழிச்சு. அதனால தொகுப்புல போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை விட்டா விட்டதுதான்."

தொகுப்பு என்பது அந்த மன்றத்தின் பழைய வழக்கம். கடைசியில் வரும் சில்லறைப் பொருள்களை ஒரே கயிற்றில் கட்டி வைப்பார்கள். மொத்தத்தையும் படித்து முடித்ததும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். ஒரே தட்டில் அத்தனையும் நிறைவேறிவிடும். யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பொருளை மறுத்துக் கை தூக்கினால் கட்டு மொத்தமும் அடுத்த கூட்டத்துக்குப் போகும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் அந்தக் கட்டுக்குள் ஒரு தெருவிளக்கோ ஒரு சாக்கடை மூடியோ இருக்கும். ஆகவே யாரும் கை தூக்குவதில்லை. பதினோரு வருடத்தில் ஒரு கை உயர்ந்து அவர் பார்த்ததில்லை.

அவர் தாளைத் திருப்பி, தொகுப்பின் தொடக்கத்திலிருந்து வாய்க்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. முப்பத்தெட்டில் நாக்கு நின்றது.

ஆற்றங்கரைச் சுற்றுலா மேம்பாட்டின் பொருட்டு, கட்டணமின்றி இயங்கிவரும் கரை கடக்கும் படகினை வரும் ஒன்றாம் தேதி முதல் உல்லாசப் படகாக மாற்றித் தனியாருக்கு ஒப்பந்தத்தில் விடுவது. தற்போதைய படகோட்டியைக் குப்பை வண்டிப் பிரிவுக்கு மாற்றுவது.

"ஐயா, இந்தப் படகு..."

"வரவு செலவுல துண்டு விழுதுய்யா. சுற்றுலாவுக்குன்னு மேலேருந்து பணம் வருது, அதுக்குக் காட்ட ஒரு படகு வேணும். புதுசு வாங்க வக்கில்ல, இருக்கிறதுக்குச் சாயம் அடிக்கிறோம்."

"அக்கரையில எண்ணூறு வீடு இருக்குங்க."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. பதினோரு வருடமாக அவரிடம் தேநீர் வாங்கிக் குடித்தவர், அதில் பாதி நாள் தன் காசில் அவருக்கும் வாங்கிக் கொடுத்தவர். "பட்டியல் கூட்டத்துக்கு முன்னாடி இந்த அறையத் தாண்டக்கூடாது. முன்ன ஒரு தட்டச்சுக்காரி வீட்ல போய்ச் சொன்னா, அன்னிக்குச் சாயங்காலமே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. உனக்குத் தெரியாததா? படி. படிச்சிட்டு மறந்துடு."

அன்று மாலைப் படகில் கடைசி ஆளாக நடந்து வந்து ஏறினார். மச்சினன் சுக்கானைப் பிடித்தபடி, "என்ன மாமா, எக்ஸ்பிரஸ் இன்னிக்குக் கூட்ஸ் வண்டியா வருது?" என்றான். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு இருந்த அம்மா, "படிச்சுப் படிச்சு மூச்சு தீந்துபோயிருக்கும், விடு" என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காய்கறி அம்மா, தையல் கடைக்காரர், ஊன்றுகோலோடு வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய்வரும் பெரியவர். எல்லாரும் ஒன்றாம் தேதியை எங்கேயோ இருக்கிற நாளாக நினைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவியிடம் பாதியைச் சொன்னார். நிரந்தரம் ஆகப்போகிறது என்ற பாதியை.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். "நிஜமாவா? எங்கிட்ட விளையாடாதீங்க."

"நிஜந்தான்."

"அப்ப உடம்பு சரியில்லன்னா லீவு எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

"சம்பளத்தோடயா?"

"சம்பளத்தோடதான்டி."

அவள் சத்தமில்லாமல் அழுதாள், பிறகு சத்தமாகச் சிரித்தாள். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலோடு நாற்காலி அடுக்கப் போய் மாடிப்படியில் அவர் விழுந்ததை நினைத்திருப்பாள். "பொண்ண மேல படிக்க வைக்கலாம்" என்றாள். "தம்பிகிட்ட இப்பவே சொல்லட்டுமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் சொல்லாத" என்றார். சொன்ன வேகத்தைப் பார்த்து அவள் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். ஆனால் சந்தோஷம் அவளை வேறெதையும் கேட்கவிடவில்லை.

இரண்டு நாள் அவர் உள்ளுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அக்கரை உறுப்பினரிடம் போய்ச் சொல்லலாம், வேலை போகும். சொல்லாமல் இருக்கலாம், படகு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் நெற்றியில் இடித்தது. வியாழக்கிழமை நாற்காலி அடுக்கும்போதுதான் ஒரு வழி தெரிந்தது. மெதுவாகப் படிப்பது. அவ்வளவுதான். முப்பத்தெட்டாவது பொருளை, ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழும்படி, மனிதர் பேசுகிற வேகத்தில் படிப்பது. படிக்கிறவன் நன்றாகப் படித்தான் என்று எந்த ஊரிலும் வேலையைப் பிடுங்க மாட்டார்கள். அக்கரை உறுப்பினர் காதில் விழுந்தால் அவர் கை தூக்குவார். தூக்கினால் தன் நாற்பத்து மூன்றும் சேர்ந்து போகும், போகட்டும். தூக்காவிட்டால்... அந்த இடத்தில் அவர் நினைப்பை நிறுத்திக்கொண்டார். முடிவைத் தன் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றியதில் நெஞ்சு கொஞ்சம் லேசானது. அன்று ராத்திரி தூங்கவும் செய்தார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதல் ஒன்றரை மணி நேரம் மீன் சிலைக்கே சரியாகப் போயிற்று. சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆற்றங்கரையில் ஒரு பெரிய மீன் சிலை வைக்கப்போகிறார்கள். மீன் வாயைத் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது பிரச்சினை.

"வாய் திறந்திருந்தாத்தான் உள்ள தலைய விட்டுப் படம் எடுப்பாங்க" என்றார் சலூன் வைத்திருக்கும் உறுப்பினர்.

"தலைய விட்டு மாட்டிக்கிட்டா? யாரு இழுக்கிறது, நீங்களா?"

"நான் முடிய மட்டுந்தான் இழுப்பேன்."

சிரிப்பு அடங்க நேரமானது. குப்பை வண்டிக்கு டயர் வாங்கும் விஷயம் நான்கு நிமிடம். வாகன நிறுத்தக் கட்டணம் ஏழு நிமிடம். மீன் வாய் பாதி திறந்திருக்கும் என்று முடிவானபோது மணி பன்னிரண்டே முக்கால். தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "எக்ஸ்பிரஸ், தொகுப்பு. கிளப்பு வண்டிய."

அவர் எழுந்தார். முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தேழு வரைக்கும் வழக்கம்போல ஓடின. உறுப்பினர்கள் பைகளை மூடிக்கொண்டும் கைபேசியைத் தடவிக்கொண்டும் இருந்தார்கள். முப்பத்தெட்டு வந்தது. அவர் மூச்சை இழுத்துவிட்டார்.

"பொருள்... முப்பத்தெட்டு" என்றார். "ஆற்றங்கரைச்... சுற்றுலா... மேம்பாட்டின் பொருட்டு."

அந்த மண்டபத்தில் அவர் குரல் முதல் முறையாக ஒரு மனிதக் குரலாகக் கேட்டது. அவருக்கே அந்நியமாக இருந்தது. கட்டணமின்றி என்ற சொல்லை நிறுத்திச் சொன்னார். கரை கடக்கும் படகு என்பதை ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். செயலாளர் தலை நிமிர்ந்தது. எக்ஸ்பிரஸ் தாளிலிருந்து கண்ணை எடுத்து மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

அக்கரை உறுப்பினர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக் கடை வைத்திருப்பவர், பெரிய காது. பேனாவைக் கீழே வைத்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார், சந்தேகமே இல்லை. படித்து முடித்து எக்ஸ்பிரஸ் நிறுத்தினார். மூன்று மூச்சு நேரம் காத்திருந்தார். அந்த மூன்று மூச்சிலும் அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். ஆனால் 'கை தூக்குங்க' என்று வேண்டினாரா, 'தூக்காதீங்க' என்று வேண்டினாரா என்று பிற்பாடு எத்தனை முறை கேட்டுப் பார்த்தும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"என்னய்யா, டயர் பஞ்சரா?" என்றார் தலைவர். மண்டபம் சிரித்தது.

முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பத்தொன்று அக்கரைக்குக் குடிநீர்க் குழாய். நாற்பத்து மூன்று அவரே. நாற்பத்து நான்கோடு தொகுப்பு முடிந்தது. மேசைகள் தடதடத்தன. மூன்றாவது வரிசையில் அந்தக் கனத்த கையும் உயர்ந்தது. மேலே போகும் என்று நினைத்தார். மேசையில் இரண்டு முறை விழுந்தது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கரை உறுப்பினர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

"கேட்டேன்யா. நல்லாவே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் அண்ணே..."

"ஏனா? அந்தக் கட்டுக்குள்ள உன் வேலை இருந்துச்சே! கூட்டத்துல குடுத்த பட்டியலப் புரட்டும்போது உன் பேரப் பாத்துட்டேன். நான் கை தூக்கியிருந்தா உன் பொழப்பு என்னாகும்? பதினோரு வருசமா ஒழைக்கிறவன் வயித்துல அடிக்கச் சொல்றியா?"

"குடிநீர்க் குழாயும் இருந்துச்சுங்களே" என்றார் அவர், மிக மெதுவாக.

உறுப்பினரின் கை தோளிலிருந்து இறங்கியது. முகம் மாறவில்லை. "இருந்துச்சு. ஆனா நம்ம ஜனங்க கேட்டா நான் குழாயச் சொல்லமாட்டேன். உன்னச் சொல்லுவேன். நம்ம கரைப் பையன் ஒருத்தன் நல்லாருக்கட்டும்னு விட்டுக்கொடுத்தேன்னு சொன்னா ஒத்துக்குவாங்க. சாப்பாடு வாங்கிக் குடுப்பல்ல?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நாலரை மணிக்குச் செயலாளர் நிரந்தரப் பணி ஆணையைக் கையில் கொடுத்தார். கூடவே சுருட்டிய இரண்டு அறிவிப்புத் தாளையும் ஒரு பசை டப்பாவையும். மெதுவாகப் படித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். "நிரந்தரம் ஆனதுக்கு மொத வேலை" என்றார். "படகுத் துறையில இந்தக் கரைல ஒன்னு, அந்தக் கரைல ஒன்னு. எப்படியும் நீ அந்த வழியாதான போற."

இக்கரையில் ஒட்டியபோது யாரும் இல்லை. ஐந்தரைப் படகில் அவர் ஏறினபோது பேச்சு நின்றது. செய்தி அவருக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தது. இரும்புக் கடைக்காரர் மதியப் படகிலேயே அக்கரைக்குப் போய் வந்திருக்கிறார்.

காய்கறி அம்மா கூடையை நகர்த்தி இடம் விட்டாள். "உக்காரு தம்பி. வேலை கெடச்சிடுச்சாமே."

"ஆமாங்க."

"நல்லாரு."

திட்டவில்லை. ஒருவரும் திட்டவில்லை. குதித்து எங்கும் போய்விட முடியாத நடு ஆற்றில், நாற்பது பேர் அவருக்கு நல்லாரு சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊன்றுகோல் பெரியவர் மட்டும் யாரையும் பார்க்காமல், "ஒன்பது கிலோமீட்டர்னா ஆட்டோக்காரன் வருவானா?" என்று கேட்டார்.

மனைவி பின்னால் இருந்தாள், வெளுப்புப் பிரிவின் சோப்பு வாசனையோடு. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் கையிலிருந்த ஆணையை அவள் வாங்கி இரண்டு முறை படித்து, மடித்துத் தன் பையில் பத்திரமாக வைத்தாள். பிறகு கேட்டாள்.

"செவ்வாக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"என்ன செஞ்சீங்க?"

"மெதுவா படிச்சேன்."

"என்னது?"

"அந்தப் பொருள மட்டும் மெதுவா படிச்சேன். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

அவள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்த்திருப்பாள். இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதை வேறு யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்கும் விளங்கவில்லை. மெதுவாகப் படித்தேன், ஐயா. மெதுவாகப் படித்தேன், அம்மா. வாய்க்குள் சொல்லிப் பார்க்கும்போதே அது ஒரு செயலாகத் தோன்றவில்லை.

"நானும் பொண்ணும் ஆஸ்பத்திரிப் பக்கம் வீடு பாக்கணும்" என்றாள் அவள், தண்ணீரிடம் சொல்வதுபோல. "இனிமே முடியுமே. நிரந்தரம்ல." முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பிவிட்டு மீண்டும் நேராயின.

அக்கரையில் படகு மோதி நின்றது. இறங்கிய ஜனம் வழக்கம்போல வீட்டுக்குப் போகாமல் துறைப் பலகை பக்கம் ஒதுங்கி நின்றது. அவர் டப்பாவைத் திறந்து பலகையில் பசை தடவினார். தாளை விரித்தார். ஆற்றுக் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு முகத்தில் அறைந்தது. மறுபடி விரித்தார், மறுபடி சுருண்டது. கைகள் இரண்டுதான், தாளுக்கு மூலை நான்கு. பின்னால் யாரும் அசையவில்லை. யாரிடம் பிடிக்கச் சொல்வது?

மச்சினன் கயிற்றைக் கட்டிப் போட்டுவிட்டுப் படகிலிருந்து குதித்து வந்தான். தாளின் மேல் மூலைகள் இரண்டையும் பிடித்துப் பலகையோடு அழுத்தினான். அவன் பெருவிரல் பட்ட இடத்துக்குக் கீழேதான் 'தற்போதைய படகோட்டி' என்ற வரி இருந்தது. அவன் அதைப் படித்தான். உதடு அசைந்ததைப் பார்த்தார்.

அவர் கீழ் மூலைகளை ஒட்டினார். காற்று இழுத்ததில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

"கோணலா இருக்கு மாமா" என்றான் அவன். "பிச்சு ஒழுங்கா ஒட்டுங்க. காலைல அஞ்சு மணிப் படகுக்கு வர்றவங்க படிக்கணும்ல."